தம்பிக்கு எந்தக் குழு?

போன வாரம் அக்காவை விட்டு நாம் வந்தபோது அவள் மேஜையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்த வாரமும் நிமிர்ந்தபாடில்லை.

விஷயம் இதுதான். சபையில் புதிதாக அமையும் குழுக்களுக்குக் கட்சி சார்பில் யார் யார் என்று பெயர் கொடுப்பது கொறடாவின் வேலை. கொறடா அக்காதான். கட்சியில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மற்ற எல்லாக் குழுக்களுக்கும் எழுதிவிட்டாள். சுகாதாரக் குழுத் தலைவர் என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. போன தடவை அந்த நாற்காலியில் இருந்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி. இந்தத் தடவையும் தனக்குத்தான் என்று அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருஷம், ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றி சுகாதாரக் குழு மூடிய அறையில் விசாரித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி வந்து, ஆள் போதாததால் நோயாளிகளின் எச்சரிக்கை மணியையே அணைத்து வைக்கச் சொல்கிறார்கள் என்று சாட்சி சொன்னாள். அவள் பெயர் வெளியே போகாது என்று குழு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாரமே அவளுக்கு வேலை போயிற்று. வேறெந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அன்று அந்த அறையில் இருந்த எட்டு உறுப்பினர்களில் யாரோ ஒருவர் வாயைத் திறந்திருக்கிறார். அது யார் என்று நெறிமுறைக் குழு இன்னும் தோண்டிக்கொண்டிருந்தது.

பெயர்கள் இன்று மாலைக்குள் சபாநாயகர் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

காலையில் முதல் வேலையாக அக்கா கட்சித் தலைவரின் வீட்டுக்குப் போனாள். தலைவர் ட்ரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தார். டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து முக்கியமான பேச்சையெல்லாம் அவர் அதன் மேல் வைத்துக்கொள்வதுதான் வழக்கம். மூச்சு வாங்குவதால் எந்தக் கேள்விக்கும் பாதி பதில் சொன்னால் போதும்.

“சுகாதாரத்துக்கு யாரைப் போடலாம் தலைவரே?”

“நீதான் கொறடா.”

“அது தெரியும். நீங்க என்ன நினைக்கறீங்க?”

“நான் ஒண்ணுமே சொல்லலம்மா.” கழுத்தில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு யாராவது கேட்டா, தலைவர் ஒண்ணுமே சொல்லலைன்னுதான் நீயும் சொல்லணும்.”

“விசாரணையில இருக்கறவனைத் திரும்பவும் தலைவராப் போட்டா பத்திரிகைக்காரங்க நம்மளை உரிச்சிடுவாங்க.”

“உரிப்பாங்க.”

“அப்ப வேண்டாங்கறீங்களா?”

“அப்படி எங்கே சொன்னேன்? அவன் பின்னாடி நாலு பேர் இருக்காங்க. பட்ஜெட் ஓட்டெடுப்பு வருது. நாம ஆட்சியில உட்கார்ந்திருக்கறதே மூணு ஓட்டு வித்தியாசத்துல.” பட்டனை அழுத்தி வேகத்தைக் கூட்டினார். “ஒழுக்கம் முக்கியம்மா. ரொம்ப முக்கியம். ஓட்டும் முக்கியம். பாத்துச் செய்.”

“எதைப் பாத்து?”

“உன் தம்பி. நீ கொறடா. வீட்டு விஷயம் மாதிரி சுமுகமா முடிச்சிடு.”

அந்த மிஷினின் ப்ளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு வரலாமா என்று அக்காவுக்குத் தோன்றியது. வணக்கம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்து நெறிமுறைக் குழு. அதன் தலைவர் எதிர்க்கட்சிக்காரர், ஒரு காலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். சபையில் எல்லாருக்கும் அவர் வாத்தியார்தான். மூன்றாவது மாடியின் கடைசியில், கழிப்பறையை ஒட்டி, யாருக்கும் வேண்டாமல் கிடந்த அறையை அவர் குழுவுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

“வாங்கம்மா. எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். என்கிட்ட பதில் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும்.”

“ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க சார். அவன் பேர் அடிபடுதா, இல்லையா?”

“எட்டு பேர் பேரும் அடிபடுது.”

“அதுல...”

“எட்டு பேரும் நான் இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்காரங்களைக் கேட்டா, எங்களுக்கு யாரும் எதுவும் சொல்லல, அந்தம்மா வேலை சரியில்லைங்கறாங்க. காதால கேட்டவங்க ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், நான் முடிச்சிடுவேன். வரலைன்னா இது இப்படியே கிடக்கும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “அது உங்க கட்சி பாடு. நான் முடிவு சொல்ற வரைக்கும் எல்லாரும் நல்லவங்கதான். ஆனா முடிவு வரலைங்கறதுக்காக ஒருத்தரைத் தூக்கி நாற்காலியில உட்கார வெச்சே ஆகணும்னு சட்டம் கிடையாது. ரெண்டும் வேற வேற கணக்கும்மா.”

வேறு வேறு கணக்குதான். இரண்டையும் அவளே அல்லவா போட வேண்டியிருக்கிறது!

இரண்டாவது மாடியில் தன் அறைக்கு இறங்கி வந்தால், தம்பி அங்கே சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத புதுச் சட்டை. அவளுடைய பிஸ்கட் டப்பா அவன் மடியில் இருந்தது.

“என்னக்கா, எழுதிட்டியா?”

“இன்னும் இல்ல.”

“ஆஸ்பத்திரி லைசென்ஸ் மசோதா அடுத்த மாசம் குழுவுக்கு வருது. எனக்கு அடி முதல் நுனி வரைக்கும் தெரியும். வேற யார் வந்தாலும் அ, ஆவில இருந்து ஆரம்பிக்கணும்.”

அதில் பொய் இல்லை. அந்தக் குழுவில் அவனைப் போல விழுந்து விழுந்து படிக்கிறவன் கிடையாது. அவனைக் கைபிடித்து அரசியலுக்கு அழைத்து வந்தவளும் அவள்தான். அவனுடைய முதல் தேர்தலில் வீடு வீடாக ஏறி இறங்கித் தொண்டை கட்டிக்கொண்டது அவளுக்குத்தான், அவனுக்கல்ல.

அக்கா கதவைச் சாத்தினாள்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சுத்தி வளைக்காம பதில் சொல்லு. அந்த நர்ஸைப் பத்தி வெளியே சொன்னது நீயா?”

“என்னைப் பாத்து நீ கேக்கற கேள்வியா இது?”

“கேட்டுட்டேன். சொல்லு.”

“வாத்தியார் கேட்டாரு. பத்திரிகைக்காரன் கேட்டான். இப்ப நீ. கூடப் பிறந்தவ.”

“அதான், கூடப் பிறந்தவகிட்ட சொல்லு.”

“அந்தம்மா இந்தக் கட்டடத்துக்குள்ள வந்துட்டுப் போனதை யார் வேணா பாத்திருக்கலாம். வாசல்ல நிக்கற டிரைவர் பாத்திருக்கலாம்.”

“தம்பி, ஆமாவா, இல்லையா?”

“நிரூபணமே ஆகாத விஷயத்துக்கு என்னைக் கூண்டுல ஏத்தறே. நிரூபிச்சா நானே ராஜினாமா பண்ணிட்டுப் போறேன், போதுமா?” டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான். “பேரை எழுதுக்கா. நீ எழுதாம வேற யார் எழுதுவா?”

அவன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. அத்தனை பேச்சிலும் ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வரவே இல்லை.

மதியம் சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். வந்தவள் தம்பியின் மனைவி.

அவள் பிசியோதெரபிஸ்ட். கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சபைக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. “அக்கா தம்பி அரசியலெல்லாம் வாசலோட நிக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்று கிளினிக்கின் நீலச் சீருடையோடு, தலைகூட ஒழுங்காக வாராமல் வந்து நின்றாள்.

“என்னம்மா, குழந்தைக்கு ஏதாவது...?”

“எல்லாரும் நல்லா இருக்கோம் அண்ணி. கதவைச் சாத்திக்கட்டுமா?”

சாத்தினாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“கொஞ்ச நாளா கிளினிக்குக்கு ஒரு அம்மா வராங்க. நல்ல உயரம். முதுகு வலி, குனிஞ்சா நிமிர முடியல. என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டேன். கிடங்குல பெட்டி தூக்கறேன்னாங்க. பேசறதைப் பாத்தா அப்படித் தெரியல. இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேட்டேன். நர்ஸா இருந்தேன்னாங்க.”

அக்கா சாப்பாட்டை மூடினாள்.

“குப்புறப் படுத்துக்கிட்டே மொத்தக் கதையும் சொன்னாங்க. நான் யார் வீட்டுக்காரின்னு அவங்களுக்குத் தெரியாது. முதுகுல வெச்ச கை அப்படியே நின்னுடுச்சு அண்ணி. ஏன்னா எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அன்னிக்கு அவர் ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தார். போனை ஸ்பீக்கர்ல போட்டு வாஷ்பேசின் மேல வெச்சிருந்தார். நான் பக்கத்து ரூம்ல துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். ஆஸ்பத்திரி முதலாளி, ‘எங்களை யாருங்க போட்டுக் குடுத்தது’ன்னு சிரிச்சிக்கிட்டே கேட்டார். இவர் பேரைக்கூடச் சொல்லல. ‘உங்க ஐ.சி.யூல நைட் டியூட்டி பாக்கற உயரமான பொண்ணு, கொஞ்சம் பாத்து இருந்துக்கங்க’ன்னார். அவ்வளவுதான். முகத்தைக் கழுவிக்கிட்டு டிபன் கேட்டார்.”

“எதுக்காகச் சொன்னான்?”

“காசு வாங்கிட்டுச் சொன்னார்னு நினைக்காதீங்க. அது கிடையாது. பெரிய மனுஷங்களுக்கு வேண்டியவனா இருக்கணும்னு ஒரு ஆசை அண்ணி, வேற ஒண்ணுமில்ல. அதுக்காக அந்தம்மா பெட்டி தூக்கறாங்க.”

“நீ வாத்தியார்கிட்ட வந்து இதைச் சொல்லுவியா?”

தம்பி மனைவி கதவைத் திரும்பிப் பார்த்தாள். “என்னால முடியாது. அப்புறம் அந்த வீட்டுல நான் எப்படி இருக்கறது? குழந்தைகிட்ட என்ன சொல்றது? திரும்பவும் அவரை அந்த நாற்காலியில உட்கார வெச்சிடாதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். இன்னொரு சாட்சி வருவாங்க. இன்னொரு போன் வரும். இவர் ஷேவ் பண்ணிக்கிட்டே பேசுவார். ஆனா நான் சொன்னேன்னு யாருக்கும் தெரியக்கூடாது அண்ணி. யாருக்குமே.”

“சொல்ல மாட்டேன்.”

“சத்தியமா?”

“சொல்ல மாட்டேன்னா சொல்ல மாட்டேன். நீ போ.”

அவள் போனதும் அக்காவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. தம்பி மேல், தலைவர் மேல், மத்தியானத்தில் கதவைத் திறந்து வந்து தலையில் பாறாங்கல்லை ஏற்றிவிட்டுப் போன இவள் மேல். காலையில் தெரியாமல் தவித்தாள். இப்போது தெரிந்து தவிக்க வேண்டும். தெரிந்ததை வைத்துக்கொண்டு ஒரு காரியமும் செய்வதற்கில்லை.

ஒன்றைச் செய்தாள். பேனாவை எடுத்து ஒரு பெயரை எழுதினாள்.

கட்சி உறுப்பினர்கள் கூடும் அறையில் பெயர்களை அவளே நின்றுகொண்டு படித்தாள். சுகாதாரக் குழுத் தலைவர் என்ற இடத்தில் ஒரு கால்நடை மருத்துவரின் பெயர் வந்தது. கட்சியில் அவருக்கு மாட்டு டாக்டர் என்றே பெயர். நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். தப்பாகப் படித்துவிட்டார்களோ என்று அவரே பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

“நாமெல்லாம் மந்தைதானே, பொருத்தமாத்தான் இருக்கு” என்றது பின்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

தம்பி எழுந்து நின்றான். சிரிப்பு நின்றது.

“கொறடா அவர்கள் காரணம் சொல்லுவாங்களா?”

வீட்டில் நீ, வா, போ. இங்கே மரியாதை. அந்த மரியாதைதான் சுருக்கென்று தைத்தது.

“விசாரணை நடந்துக்கிட்டு இருக்கு. அது முடியற வரைக்கும் தலைவர் பொறுப்பு வேண்டாம்னு முடிவு.”

“யார் முடிவு? தலைவர் முடிவா?”

அக்கா தலைவரைப் பார்த்தாள். தலைவர் தன் செருப்பைப் பார்த்தார்.

“என் முடிவு.”

“ரொம்ப நல்லது. விசாரணை எட்டு பேர் மேல நடக்குது. அதுல நம்ம கட்சிக்காரங்க நாலு பேர். மத்த மூணு பேருக்கும் குழு குடுத்திருக்கீங்க. பேக்கரியம்மாவுக்குக் கல்விக் குழுத் தலைவர் பதவியே குடுத்திருக்கீங்க. அவங்களும் அன்னிக்கு அதே ரூம்ல இருந்தவங்கதானே? விசாரணைதான் காரணம்னா எல்லாருக்கும் காரணமா இருக்கணும். எனக்கு மட்டும்னா வேற ஏதோ இருக்கு. அது என்னன்னு இங்கேயே சொல்லுங்க.”

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எழுதும்போது இது எப்படித் தன் புத்திக்கு எட்டாமல் போயிற்று என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு வாக்கியம் போதும். உன் வீட்டு வாஷ்பேசினைக் கேள் என்றால் அவன் வாய் மூடிவிடும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னால் நம்பிச் சொன்ன ஒரு பெண்ணின் பேச்சைத் தூக்கி இத்தனை பேர் முன்னால் போட்டுவிட்டு அவள் ஜெயித்துவிடலாம். அதைத்தானே இவனும் செய்தான்?

“நீங்க சொல்றது சரி,” என்றாள் அக்கா. தன் குரலே அவளுக்கு யாருடையதோ போல் கேட்டது. “விசாரணை காரணம்னா எல்லாருக்கும் காரணம். வாத்தியார் முடிவு சொல்ற வரைக்கும் நம்ம நாலு பேருக்கும் எந்தக் குழுவும் கிடையாது.”

மேஜை மேல் குனிந்து மூன்று பெயர்களை அடித்தாள். அந்தந்த இடத்தில் வேறு பெயர்களை எழுதினாள். அதற்குள் அறை சந்தைக்கடையாகிவிட்டது. ஒருவர் மேஜையைத் தட்டினார். ஒருவர் இது சர்வாதிகாரம் என்று கத்தினார். தம்பி மட்டும் கத்தவில்லை. கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே தாழ்வாரத்தில் பேக்கரியம்மா காத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் கட்சியில் சேர்ந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பஸ் பாதுகாப்புக்கு ஒரு மசோதா கொண்டுவர வேண்டும் என்று இவள் பேக்கரியைப் புருஷன் தலையில் கட்டிவிட்டு ஊர் ஊராக அலைந்தது அக்காவுக்குத் தெரியும். அதற்காகத்தான் கல்விக் குழுவையே கொடுத்திருந்தாள்.

“நான் வெளியே சொல்லியிருப்பேன்னு நினைக்கறியா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“என்னால சொல்ல முடியாது.”

“உன் தம்பியை அடிக்கக் கையை ஓங்கின. அடி என் மேல விழுந்துச்சு.” பேக்கரியம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“முன்னாடி எனக்கே தெரியாது.”

அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோஜனம்? பேக்கரியம்மா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “நான் ஒண்ணுமே சொல்லலைன்னு சொன்னேனே, அதுக்கு அர்த்தம்கூடத் தெரியாதா உனக்கு? ஒருத்தனைச் சமாளிக்கச் சொன்னா நாலு பேரைக் கிளப்பி விட்டுட்டு வந்து நிக்கறே.”

“மாத்திடுங்க தலைவரே. இந்தாங்க.” பேனாவை நீட்டினாள். “உங்க கையெழுத்துல இருக்கட்டும்.”

சுடுகிற பாத்திரத்தைப் பார்ப்பதுபோல் அவர் அந்தப் பேனாவைப் பார்த்தார். “நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? பட்ஜெட் முடியட்டும். அப்புறம் கொறடா யாருன்னு பேசுவோம்.”

சபாநாயகர் அலுவலகத்தில் இருந்த குமாஸ்தா அவள் நீட்டியதை வாங்கி, முத்திரை குத்தி, தட்டில் போட்டார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் முழுக்க அவளைப் பிய்த்து எடுத்த விஷயம் அந்தத் தட்டில் மற்றதோடு மற்றதாகக் கிடந்தது.

அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டாள். பின்னாலேயே தம்பி வந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை.

“உனக்கு யாரோ சொல்லியிருக்காங்க.”

“போய் வீட்டு வேலையைப் பாரு.”

“காலையில உனக்கு சந்தேகம்தான் இருந்துச்சு. உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? மீட்டிங்ல படிக்கும்போது சந்தேகமே இல்ல. நடுவுல யாரோ வந்திருக்காங்க. யாருக்கா?”

“என்ன சொன்னாங்கன்னு கேக்கத் தோணல பாரு உனக்கு. யார் சொன்னாங்கன்னுதான் வேணும்.”

தம்பி ஜன்னலோரம் போய் நின்றான். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது.

“ஒரே ஒரு வார்த்தைக்கா. பேச்சுவாக்குல வந்துடுச்சு. அந்தாள் இப்படிப் பண்ணுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டுக் கண்டிப்பான்னு நினைச்சேன். அதுக்காக என் மொத்த வாழ்க்கையையும் தூக்கிக் குப்பையில போடுவியா?”

கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து தவித்த பதில் இதுதான். வந்துவிட்டது. அக்காவுக்கு நிம்மதி வரவில்லை.

“அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா தெரியுமா?”

“எங்கேயாவது வேலை கிடைச்சிருக்கும்.”

“கிடைச்சிருக்கு. முதுகு ஒடியப் பெட்டி தூக்கறா.”

சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். தம்பியின் புருவம் ஏறியது.

“பெட்டி தூக்கறாளா? அது உனக்கு எப்படித் தெரியும்?”

போன் அடித்தது. எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அண்ணி, கீழதான் நிக்கறேன்.” தம்பி மனைவியின் குரல். “உங்களைப் பாத்துட்டுப் போய் கிளினிக்கைத் திறந்தேன். இன்னிக்கு அவங்க வர்ற நாள். வந்தாங்க. வலி பரவாயில்ல, உங்க கை ராசின்னு என் கையைப் பிடிச்சிக்கிட்டாங்க அண்ணி. என்னால அங்க இருக்க முடியல. வாத்தியார் ரூம் எந்த மாடி?”

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணாவது மாடி,” என்றாள் அக்கா. “கடைசி ரூம்.”

“இப்ப இருப்பாரா?”

“இருப்பார்.”

போனை வைத்தாள்.

“யாரு?” என்றான் தம்பி.

“சொல்ல மாட்டேன்.”

“எல்லாத்துக்கும் இதே பதிலா? சரி, நானே கண்டுபிடிச்சிக்கறேன்.”

கதவைப் படாரென்று திறந்துகொண்டு தாழ்வாரத்துக்குப் போனான். லிஃப்டுக்கு முன்னால் நின்று பட்டனை அழுத்தினான். அக்கா ஓடாத குறையாகப் பின்னால் போனாள். கதவுக்கு மேல் விளக்கு எரிந்தது. லிஃப்ட் கீழே இருந்து கிளம்பிவிட்டது.

“தம்பி, நில்லு. இன்னும் பேசி முடிக்கல.”

“இவ்வளவு நேரம் பேச மாட்டேன்னு நின்னே.”

“படியில இறங்கிப் போலாம் வா. நடந்துக்கிட்டே பேசலாம்.”

“எனக்கு நடக்கற தெம்பு இல்லக்கா. விடு.”

காலையிலிருந்து அவனை ஒரு பதிலுக்காகத் துரத்தியவள், இப்போது ஒரு கதவுக்கு முன்னாலிருந்து அவனை இழுத்துக்கொண்டு போக முடியாமல் நின்றாள். முழங்கையைப் பிடித்தாள். உதறினான்.

லிஃப்ட் திறந்தது.

உள்ளே நீலச் சீருடையில் அவன் மனைவி தனியாக நின்றிருந்தாள்.

“நீ எங்க இங்க?” என்றான் தம்பி.

அவள் முதலில் அக்காவைப் பார்த்தாள். அக்கா வாயைத் திறக்கவில்லை என்பது அந்த முகத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

“மேல போறேன்,” என்றாள். உள்ளே பட்டனை இன்னொரு தடவை அழுத்தினாள். “நீங்க கீழ போகணும்னா இது திரும்பி வரும்.”

கதவு மூடிக்கொண்டது.

தம்பி அசையவில்லை. தலைக்கு மேல் இரண்டு என்ற எண் அணைந்து மூன்று எரிந்தது. மூன்றாவது மாடியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அந்தக் கட்டடத்தில் தெரியாதவர்கள் இல்லை.

அவன் மெல்லத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தான்.

அக்கா அவனுக்கு முன்னால் போய், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதல் படியின் குறுக்கே நின்றாள்.

“வழியை விடுக்கா.”

அக்கா விடவில்லை.